வெய்க்கோ அடிக்காத வேகம்

வெய்க்கோ இன்று பால் லாரி ஓட்டுகிறான். ஐம்பதைத் தாண்டியாயிற்று, தலையில் வாரிக்கொள்ள ஒன்றுமில்லை, தொப்பை ஸ்டீயரிங்கை முட்டுகிறது. ஆனால் பிப்ரவரிக் குளிர் இறங்கி, பண்ணை வீடுகளின் சௌனா என்கிற நீராவிக் குளியலறைப் புகைபோக்கிகளில் சனிக்கிழமைப் புகை எழும்பினால் போதும், ஆளுக்குப் பத்தொன்பது வயதாகிவிடும். அந்த நேரத்தில் அவனிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், ஒன்றும் காதில் விழாது. கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே, "அன்னிக்கு என்ன குளிரு தெரியுமா" என்று ஆரம்பிப்பான். ஆரம்பித்தால் பால் பண்ணை வந்து சேரும்வரை ஓயமாட்டான்.

குர்னசுவோ என்றால் பின்லாந்தின் ஹாப்பவாரா ஊர்க்காரர்களுக்கு வெறும் சதுப்பு நிலம். கோடையில் பழம் பொறுக்கப் போவார்கள், மாடு இறங்கினால் திரும்பாது, அவ்வளவுதான். அந்தப் பெயரை ஒரு மெட்டல் பாட்டுக் குழுவுக்கு வைக்கலாம் என்று மூன்று பேருக்குத்தான் தோன்றியது. கிதார் வாசித்துக்கொண்டே தொண்டை கிழியக் கத்துகிற இல்க்கா, பாஸ் கிதார் வாசிக்கிற கைசு, டிரம்ஸ் அடிக்கிற வெய்க்கோ. பெயரை மர வேர் மாதிரி பின்னிப் பின்னி வரைந்து, எழுதியவனே படிக்கமுடியாத நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இல்க்காவுக்கு மனசு ஆறியது.

தொண்ணூற்றியொன்றாம் வருஷம் அது. கடையில் விற்கும் பாட்டெல்லாம் இந்த மூன்று பேருக்கும் எச்சில் இலை. இவர்களுடைய பாட்டு தபாலில் வரும். போலந்திலிருந்து ஒருவன் கேசட் அனுப்புவான், பிரேசிலிலிருந்து ஒருவன் அனுப்புவான். ஸ்டாம்பின் மேல் சோப்பைத் தடவி அனுப்புவார்கள், வாங்கியவன் தபால் முத்திரையைக் கழுவிவிட்டு அதே ஸ்டாம்பை ஒட்டித் திருப்பி அனுப்புவான். நகலுக்கு நகல் எடுத்து இரைச்சலோடு வந்து சேரும் அந்தக் கேசட்டைப் பிரிக்கும்போது வருகிற சுகம் இருக்கிறதே, அதை இன்றைக்குக் கைபேசியைத் தட்டினால் உலகமே பாடுகிற பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லி விளங்கவைப்பது? விடுங்கள். விஷயம் இதுதான்: அந்த உலகத்தில் சொந்தமாகப் பதிந்து ஒரு டெமோ கேசட் வெளியிட்டிருந்தால்தான் நீ ஒரு ஆள். இல்லாவிட்டால் கொட்டகையில் உட்கார்ந்து சத்தம் போடுகிற பயல்.

அந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை வெய்க்கோ பட்டாளத்துக்குப் போகவேண்டியிருந்தது. பின்லாந்தில் பிறந்த ஆண்பிள்ளை எல்லாருக்கும் வருகிற அழைப்புதான், எட்டு மாதத்தில் முடிந்துவிடும். ஆனால் அவனுக்கு உள்ளே ஒரு பயம் அரித்துக்கொண்டிருந்தது. தன் யோக்கியதை அவனுக்கே தெரியும். தாளம் தப்பாது, ஆனால் வேகம் கிடையாது. "டேய், நாம சாவப் பத்திப் பாடுறோம், சாவு ஊர்வலம் போகல. கொஞ்சம் காலத் தூக்கி வையி" என்று இல்க்கா அவனை வறுத்தெடுக்காத நாளில்லை. எட்டு மாதம் ஊரில் இல்லாதவனுக்காக யார் காத்திருப்பார்கள்? அதனால் அவன் ஒன்றே ஒன்றுதான் ஆசைப்பட்டான். போவதற்குள் ஒரு கேசட்டிலாவது தன் அடி பதிந்துவிடவேண்டும். அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் அந்த முக்காலியில் உட்காரட்டும்.

வாத்தியங்களைத் தனித்தனியாக நாலு தடத்தில் பதிகிற கேசட் மெஷின் ஒன்று ஊரிலேயே தேவாலயத்தில்தான் இருந்தது. பாடகர் குழுவைப் பதிய வைத்திருந்தார்கள். இளைஞர்களைப் பார்த்துக்கொள்ளும் தேவாலய ஊழியரிடம் கைசுதான் போய்க் கேட்டாள். பாட்டு எதைப் பற்றி என்று அவர் விசாரித்திருக்கிறார். "மரணத்துக்கு அப்புறம் மனுசனுக்கு என்ன ஆகும்ங்கறதப் பத்தி" என்று இவள் கண் இமைக்காமல் சொல்லியிருக்கிறாள். பொய்யில்லையே. அவர் மனம் குளிர்ந்துபோய், ஞாயிறு காலை ஆராதனைக்கு முன்னால் மெஷின் திரும்பி வந்துவிடவேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் எப்போதோ உடைந்துபோன மெஷின். அதனால் என்ன, அந்தக் குமிழ் யாருக்கு வேண்டும் என்று வாங்கிவந்துவிட்டார்கள்.

இல்க்கா அதை வீட்டுக்குள் கொண்டுபோனால் தம்பிமார் நோண்டுவார்கள் என்று தன் அப்பாவின் காரில், டிக்கியிலேயே வைத்துப் பூட்டினான். வெளியே மைனஸ் இருபத்தைந்து.

அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமை காலை வெய்க்கோ வீட்டுச் சௌனாவின் முன்னறையில் கூடினார்கள். சட்டை துணி மாட்டுகிற அறை, தனிக் கட்டடம், அடுப்பு எரிந்தால்தான் சூடு. டிரம்ஸ் போன வருஷமே அங்கே குடியேறிவிட்டது. "ஒண்ணு அந்த டப்பா இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று வெய்க்கோவின் அம்மா சொன்ன அன்றைக்கே வீட்டைவிட்டு வெளியேறிய டப்பா அது.

சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு வெய்க்கோ அடித்த மாதிரி அதற்கு முன்னாலும் அடித்ததில்லை, பின்னாலும் அடித்ததில்லை. கம்பளித் தொப்பி, இரண்டு அடுக்கு உள்ளாடை, வாயிலிருந்து புகை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் விரலை ஊதிக்கொண்டு அடுத்ததற்குத் தயாரானான். நாலு பாட்டு. ஒரு மைக்கைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, இன்னொன்றைப் பெரிய டிரம்முக்கு முன்னால் பூட்ஸுக்குள் செருகி வைத்திருந்தார்கள். பதிந்ததைப் போட்டுக் கேட்டார்கள். கச்சிதமாக இருந்தது. இல்க்கா காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றி, "பரவால்ல" என்றான். எங்கள் பக்கத்தில் ஒருவன் வாயால் "பரவால்ல" வாங்குவதும் மார்பில் பதக்கம் குத்திக்கொள்வதும் ஒன்று. வெய்க்கோ தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான், வேறென்ன செய்வதென்று தெரியாமல்.

அடுத்தது கிதார் பதியவேண்டும். அப்போதுதான் வெய்க்கோவின் அப்பா ஏய்னோ கைநிறைய பிர்ச் மர விறகோடு உள்ளே வந்தார். மூன்று மணி, சனிக்கிழமை. வேறு எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், "ஐயா, நாங்கள் உயிரைக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டிருக்கிறோம், இன்றைக்கு ஒரு நாள் அடுப்பு மூட்டாதீர்கள்" என்று சொல்லியிருப்பான். இங்கே யாருக்கும் அப்படி ஒரு எண்ணமே எழவில்லை. சனிக்கிழமை சௌனா வேண்டாமென்று சொல்ல எந்த நாக்குக்கு வரும்? கிதாரைச் சுவரில் சாய்த்துவிட்டு விறகு அடுக்க உதவினார்கள். மெஷின் அடுப்புச் சுவரை ஒட்டிய பெஞ்சிலேயே இருந்தது. அதை யாரும் நகர்த்தவில்லை.

முதலில் பெண்கள். கைசு வெய்க்கோவின் அம்மாவோடு போய் வெந்து சிவந்து திரும்பினாள். பிறகு ஆண்கள் மூன்று பேரும் மேல் பலகையில் ஏறி உட்கார்ந்தார்கள். ஏய்னோ நாலு அகப்பை தண்ணீரை அடுப்பில் காய்ந்த கல்லின் மேல் ஊற்றிவிட்டு, பனியில் நின்று ஆறுகிறேன் என்று வெளியே போனார். கல் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்து பொய் சொல்வதும் கிடையாது, சண்டை பிடிப்பதும் கிடையாது. இல்க்கா குனிந்து தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீ போனப்புறம் ராய்மோவக் கூப்பிடலாம்னு இருக்கோம்."

ராய்மோ பக்கத்து டவுன் பையன். மின்னல் கால். அவன் பெயர் வரும் என்று வெய்க்கோவுக்குத் தெரியும். கல்லின் மேல் இன்னொரு அகப்பை தண்ணீர் ஊற்றினான்.

"டேப்புல?" என்று கேட்டான்.

"டேப்புல நீதான். அது முடிஞ்ச கத."

அதுபோதும் என்று வெய்க்கோ நினைத்தான். உண்மையிலேயே அதுபோதும் என்றுதான் நினைத்தான்.

வெளியே வந்து, துண்டைக் கட்டிக்கொண்டு, பீரும் அடுப்பில் வாட்டிய சாசேஜுமாக உட்கார்ந்தார்கள். முன்னறை இப்போது கதகதவென்றிருந்தது. இல்க்கா கிதாரை மடியில் வைத்துக்கொண்டு மெஷினைத் தட்டினான். டிரம்ஸ் கிளம்பியது. அடேயப்பா. பேய் பிடித்த குதிரை பலகைப் பாலத்தில் ஓடுகிற மாதிரி ஓடியது. காலையில் அடித்த அதே அடிதான், ஆனால் யாரோ துரத்துகிற மாதிரி. பெரிய டிரம் கூடச் சட்டிப் பானை மாதிரி ஒலித்தது.

கைசு சாசேஜை வாயில் வைத்தபடி சிரிக்க ஆரம்பித்தாள். இல்க்காவுக்கு முகம் கறுத்தது. யார் எதைத் திருகினீர்கள் என்று கத்தினான். திருகுவதற்கு அங்கே குமிழே இல்லை. கைசுதான் மெஷினைத் தொட்டுப் பார்த்து விஷயத்தைப் பிடித்தாள். ராத்திரி முழுக்க டிக்கியில் விறைத்துக் கிடந்த மெஷின், குளிரில் நொண்டி நொண்டி ஓடியிருக்கிறது. பதியும்போதும் நொண்டியது, கேட்கும்போதும் நொண்டியது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது சூடு ஏறியதும் பழைய காலோடு ஓடுகிறது, டிரம்ஸையும் இழுத்துக்கொண்டு.

"தூக்கிட்டுப் போயி பனில வைப்பமா?" என்றாள். வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கேசட் உள்ளே ஒட்டிக்கொண்டு கிறீச்சிட ஆரம்பித்ததும் பதறியடித்துக்கொண்டு உள்ளே தூக்கிவந்தார்கள். இருந்தது அந்த ஒரு கேசட்தான்.

மறுபடி அடிக்கிறேன் என்று வெய்க்கோ துண்டோடு போய் உட்கார்ந்தான். சௌனாவிலிருந்து வந்தவன் கையில் என்ன பலம் இருக்கும்? வெந்த மாக்ரோனி மாதிரி கை தொங்கியது. நல்லவேளையாக அதைப் பதியாமல் அடித்துப் பார்க்கத்தான் சொன்னான் இல்க்கா. முதல் பாட்டு பாதி போவதற்குள் குச்சி கைநழுவி, சாசேஜ் தட்டில் போய் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

வேறு வழியில்லை, விடிந்தால் மெஷின் தேவாலயத்துக்குப் போயாகவேண்டும். காலை அடித்த டிரம்ஸுக்கே கிதார் வாசித்தார்கள். பாவம், இல்க்காவின் விரல் துரத்த முடியாமல் துரத்தியது. கைசு பாதிச் சுரங்களை விட்டுவிட்டு, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கடைசியில் இல்க்கா கத்தினான், அது பாட்டா அல்லது கோபமா என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. முடிந்ததும் இரண்டு பேரும் காற்று வாங்க முற்றத்துக்குப் போனார்கள். வெய்க்கோ உள்ளே கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"இத வெளிய விட்டா ஊரே சிரிக்கும்" என்றது இல்க்காவின் குரல். "டிரம்ஸ் அழிச்சிட்டு ராய்மோவ வச்சு எடுத்துருவோம். இவன்கிட்ட இப்போ சொல்லவேண்டாம்."

கைசு ஏதோ சொன்னாள், அது காதில் விழவில்லை. வெய்க்கோ கம்பியை நேர்த்தியாகச் சுற்றி ஆணியில் மாட்டினான். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை காலை அம்மா மாட்டு ரோமம் வெட்டுகிற கத்தரியால் அவன் நீள முடியை வெட்டி ஒரு பையில் போட்டாள். பஸ் ஏறும்போது வழியனுப்ப இல்க்கா வந்திருந்தான். இரண்டு பேரும் பனியை உதைத்துக்கொண்டு நின்றார்கள். "சரிடா" என்றான் இவன். "சரிடா" என்றான் அவன்.

பட்டாளத்தில் நாள் ஓடியது. விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோதெல்லாம் வெய்க்கோ இல்க்கா வீட்டுப் பக்கம் தலைவைக்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் என்ன செய்வது? கைசு வேலை தேடி ஓவுலு நகரத்துக்குப் போய்விட்டதாகவும், வாரக் கடைசியில் வந்து போவதாகவும் அம்மா சொன்னாள். கேசட்டைப் பற்றி அம்மாவுக்கு என்ன தெரியும்? டிரம்ஸுக்கு மேலே போர்வை போட்டு, அதன்மேல் துவைத்த துணியை அடுக்கிவைத்திருந்தாள்.

மே மாசம் ஏரியில் பனிக்கட்டி உடைந்திருந்தது. ஒரு சாயங்காலம் பட்டாள அறையில் எல்லாரும் பூட்ஸுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரன் தெர்ஹோ, குவோப்பியோ பக்கத்துப் பையன், வாக்மேனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். தலையில்தான் முடியே இல்லை, ஆட்டல் மட்டும் பழைய ஆட்டல். வெய்க்கோ என்ன கேட்கிறாய் என்று சைகை காட்டினான். தெர்ஹோ ஒரு பக்க ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

"ஒரு பட்டிக்காட்டுக் குழுடா. என் மாமா பையன் ஸ்வீடன்காரன்கிட்டேர்ந்து நகல் வாங்கினான். கிதார்லாம் கந்தல். ஆனா இந்த டிரம்ஸ் அடிக்கறான் பாரு, மனுசனா மாடான்னு தெரியல. கேளு, கேளு."

வெய்க்கோ ஹெட்ஃபோனைக் காதில் வைத்தான். நகலுக்கு நகல், பாதிக்கு மேல் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து சட்டிப் பானை உருண்டு வந்தது. ராய்மோ இல்லை. ராய்மோ அடித்தால் சுத்தமாக இருக்கும், இது சுத்தமாக இல்லை. இரண்டாவது பாட்டில் விரல் விறைத்து, ஒரு அடி தவறி அடுத்த அடியில் அள்ளிப்பிடித்த இடம் வந்தது. தன் கை தனக்குத் தெரியாதா? பூட்ஸ் அவன் மடியிலிருந்து கீழே விழுந்தது.

"இது நான்தான்டா" என்றான்.

"ஆமா ஆமா. நான்தான் குடியரசுத் தலைவர்."

"சத்தியமா நான். ஆனா இவ்ளோ வேகமா அடிக்கல. அது குளிர்ல ஆனது."

தெர்ஹோ அடுத்த கட்டில்காரனைக் கூப்பிட்டு, இங்கே ஒருத்தனுக்குக் குளிரில் கால் நாலாகிறதாம் என்று சொன்னான். அறையே சிரித்தது. வெய்க்கோ அதைக் காதில் வாங்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு சிப்பாய்களின் காப்பிக் கடைக்கு ஓடினான். அங்கேதான் போன் இருந்தது. சர்க்கரை உருண்டை பன் வாங்குகிற வரிசையை இடித்துக்கொண்டு போய் எண்ணைச் சுழற்றினான். இல்க்காவே எடுத்தான்.

"டேப்புல நான்தான இருக்கேன்?"

"பின்ன யாரு" என்றான் இல்க்கா. "உனக்கு ஒண்ணு அனுப்பணும்னு இருந்தேன். என்ன எழுதறதுன்னு தெரியல, வச்சிட்டேன்."

"ராய்மோ வரலயா?"

"வந்தான். டிரம்ஸ் அழிக்கறதுக்கு மிஷினக்கூட மறுபடி வாங்கிட்டு வந்தாச்சு. நல்லாத்தான் அடிச்சான், உன்னவிட நல்லா. பொய் சொல்லமாட்டேன்."

"அப்புறம் என்ன?"

"அவன் அடிக்கறப்போ எனக்குக் கத்த வரலடா." இல்க்கா இருமினான். அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவதை வெய்க்கோ அதுவரை கேட்டதில்லை, இல்க்காவும் சொல்லிப் பழகியதில்லை. உடனே பேச்சை மாற்றிக்கொண்டு, கேசட் எங்கெங்கோ போய்விட்டது, எல்லாரும் அந்த டிரம்ஸ்காரன் யார் என்று கேட்கிறார்கள், நவம்பரில் துர்கு நகரத்தில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் படபடவென்று சொன்னான். பிறகு, "ஒரே ஒரு சிக்கல். அந்த வேகத்துக்கு வாசிக்க எனக்கும் வரல, கைசுவுக்கும் வரல. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம டேப்பப் போட்டுட்டுப் பழகறோம், நாக்கு தள்ளுது" என்றான்.

"எனக்கும் வராதேடா."

"தெரியும். அதான், நீ வா. சேர்ந்து பழகுவோம்."

பின்னால் நின்றவன், போன் பேச வந்தாயா அழ வந்தாயா என்று கேட்டான். அழத்தான் அழுதான் வெய்க்கோ, அதைச் சொல்ல அவனுக்கு இப்போதும் வெட்கமில்லை. போனை வைத்துவிட்டு, கண்ணைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, ஒரு பன்னும் காப்பியும் வாங்கி ஓர மேசையில் உட்கார்ந்தான். காப்பி ஆறும்வரை மேசை விளிம்பில் இரண்டு விரலால் முதல் பாட்டை அடித்துப் பார்த்தான். பாதி வேகம்கூட வரவில்லை. கடைக்கார அம்மா, தம்பி, கப்பு ஆடுது என்றாள். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடையில் அடித்தான். பட்டாளம் முடிய அக்டோபர்வரை நேரம் இருந்தது.